லிந்தால்வாவின் பதினைந்து நாள்

லிந்தால்வாவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவளுடைய அப்பா அவளுக்குக் கொடுத்த சீர், மேலும் கீழுமாக ஒரு முழுப் பல்செட்டு. அதை மாட்டுவதற்கு முதலில் வாயில் இருந்த பல்லையெல்லாம் பிடுங்க வேண்டியிருந்தது. அப்போது அவளுக்கு வயது பதினேழு. சொத்தை என்று பார்த்தால் மூன்றே பல்தான்.

அவள் ஊரான ரியாஷோ டு ஜுவாவில் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு அது. பராயிபா மாநிலத்தின் அந்த வறட்டு மேட்டில் படித்த பல் டாக்டர் ஒருவரும் காலடி வைத்ததில்லை. மாதம் ஒருமுறை சனிக்கிழமைச் சந்தைக்கு ஒருவர் ஜீப்பில் வருவார். பட்டம் கிடையாது, கைப்பழக்கம்தான். ஆட்டுச் சந்தைக்குப் பின்னால் ஒரு மரநாற்காலியைப் போட்டு, இடுக்கியைக் கொதிநீரில் முக்கி எடுத்து வேலையைத் தொடங்குவார். வலித்தால் பிடுங்குவதுதான் வைத்தியம். வேறு வைத்தியம் அவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. எப்படியும் முப்பது வயதுக்குள் ஒவ்வொன்றாகப் போகப்போகிற பல், கட்டிக்கொண்டு போகிறவன் தலையில் அந்த அவஸ்தை ஏன் விழ வேண்டும் என்று பெண்ணைப் பெற்றவர்கள் நினைத்தார்கள். லிந்தால்வாவின் அப்பாவும் மகள்மேல் உள்ள பிரியத்தில்தான் அதைச் செய்தார்.

முதல் சந்தையில் மேல்வரிசை. அடுத்த மாதம் கீழ்வரிசை. கீழ்வரிசை பாதி நடக்கும்போது மரத்துப்போகும் ஊசி தீர்ந்துவிட்டது. "இன்னும் ஆறுதான் தாயி, பொறுத்துக்க" என்றார் அந்த மனிதர். பொறுத்துக்கொண்டாள்.

ஈறு ஆறுவதற்கு மூன்று மாதம் பிடித்தது. கல்யாணத்தன்று, முத்துக் கோத்த மாதிரி இருக்கிறது என்று வந்தவர்கள் எல்லாரும் அவள் சிரிப்பைப் புகழ்ந்தார்கள். அதன்பிறகு அவள் வெறும் வாயை ஒருவரும் பார்க்கவில்லை. தண்ணீர் லாரி ஓட்டும் அவள் புருஷன் அதெமாரும் பார்த்ததில்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செட்டைக் கழுவுவாள், கழுவிய கையோடு மாட்டிக்கொள்வாள், மாட்டியபடியே தூங்குவாள். நாளாவட்டத்தில் ஊர் அதைச் சொந்தப் பல் என்றே நினைக்கத் தொடங்கியது. மகளைப் பெற்ற அன்று மருத்துவச்சி அதைக் கழற்றி வைக்கச் சொன்னபோது, அத்தனை வலியிலும் உதட்டை இறுக்கிக்கொண்டு முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள்.

மகள் வளர்ந்து ரெசிஃபே நகரத்துக்கு வேலைக்குப் போன பிறகு, லிந்தால்வா ஊர்ச் சுகாதார நிலையத்தில் தரை துடைக்கச் சேர்ந்தாள். சில வருஷம் கழித்து அங்கே ஒரு பல் நாற்காலி வந்து இறங்கியது. டாக்டருக்குக் கூடமாட உதவ ஆள் வேண்டும், ஆனால் பள்ளிப் படிப்பு முடித்திருக்க வேண்டும் என்றார்கள். நாற்பது வயதுக்குமேல் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்து முடித்தாள். பிறகு ஒரு வருஷப் பயிற்சி. இரண்டாயிரத்து மூன்றில் வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தாள்.

கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் ஆவிப்பெட்டியில் வைப்பது, டாக்டர் கேட்பதை எடுத்துக் கொடுப்பது, எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது எல்லாம் அவள் வேலை. ஆனால் மரியாதையாகத் தோனா என்று கூப்பிட்ட ஊர் அவளை நினைவில் வைத்திருப்பது வராந்தாவில் கிடந்த நீல பெஞ்சில் அவள் உட்கார்ந்து பேசியதற்காக. வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் பிடுங்கச் சொல்லித்தான் வருவார்கள். டாக்டரிடம் போவதற்குமுன் அவளிடம் ஒரு சுற்று உட்கார வேண்டும்.

"எந்தப் பல்லு? காட்டு. இது அடைச்சாப் போதும், ஒரே நாள் வேலை. இந்தப் பக்கம் இருக்கே, இதுல நரம்பு வரைக்கும் போயிருச்சு. வேர் வரைக்கும் சுத்தம் பண்ணணும். அது இங்க கிடையாது, காம்ப்பினா கிராண்டி பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருவாங்க. மூணு நாலு மாசம் காத்திருக்கணும். அது வரைக்கும் டாக்டரம்மா உள்ள மருந்து வச்சு மூடி விடுவாங்க, வலிக்காது."

"அவ்வளவு நாளெல்லாம் யாரு காத்திருக்கிறது, தோனா லிந்தால்வா? புடுங்கிட்டா முடிஞ்சு போச்சு."

"புடுங்குறது பத்து நிமிஷம். அது இல்லாம இருக்கிறது சாகுற வரைக்கும். பக்கத்துப் பல்லு ரெண்டும் அந்தக் காலி எடத்துல சாயும். ஒரு பக்கமாவே மென்னு மென்னு அந்தப் பக்கமும் போயிரும். நாலு மாசம் பெருசா?"

பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் சந்தையில் வேறு யாரிடமாவது போய்ப் பிடுங்கிக்கொண்டார்கள்.

கோஸ்மி என்று ஒரு செங்கல் சூளைக்காரன். வயது இருபத்தாறு. தேர்தல் நடந்த வருஷம், ஆகஸ்டு மாதத்தில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மேல் வரிசை பூரா எடுத்துடச் சொல்லுங்க."

"எத்தன பல்லு வலிக்குது?"

"ரெண்டு."

"மிச்சமெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

"கவுன்சிலருக்கு நிக்கிறவரு பல்செட்டு தர்றாரு. இப்ப புடுங்கி வச்சுக்கணும், ஜெயிச்சதும் செட்டு. பேர் எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அவரு ஜெயிக்கலன்னா?"

"ஜெயிப்பாருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க."

"கோஸ்மி, நல்ல பல்ல எடுத்துட்டா அந்த எலும்பு வருஷா வருஷம் கரையும். இன்னிக்கு அளவு எடுத்த செட்டு அஞ்சாறு வருஷத்துல ஆடும். அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு. உனக்கு இப்பத்தான் இருவத்தாறு."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். "உங்களுக்கென்ன, பேசுவீங்க. கடவுள் உங்களுக்கு வரிசையாக் குடுத்திருக்காரு" என்றான்.

தன்னுடையதும் செட்டுதான் என்று லிந்தால்வா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நிலையத்துப் பல் டாக்டர் தைசா நல்ல பல்லைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கோஸ்மி வேறெங்கோ போய்ப் பதினோரு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். அந்த வேட்பாளர் தோற்றார். தேர்தலுக்கு மறுவாரம் அவருடைய ஆட்கள் ஊரில் இல்லை. சுகாதார நிலையத்துப் பட்டியலில் பெயர் எழுதி, அவனுக்கு மேல்செட்டு வருவதற்குப் பதினாலு மாதம் ஆனது. அதுவரை அவன் கையால் வாயை மூடிக்கொண்டு பேசினான். சந்தையில் அவனைப் பார்த்தால் லிந்தால்வா அடுத்த வரிசைக்குத் திரும்பிப் போய்விடுவாள்.

இது நடந்து இரண்டு வருஷம் கழித்து, ஜூன் மாதம் சாவோ ஜோவாவ் திருவிழாவுக்கு ஊரே வேகவைத்த சோளக்கதிரைக் கடித்துக்கொண்டிருந்தபோது, அவள் வழக்கம்போல் தன் கதிரைக் கத்தியால் சீவித் தின்றாள். கீழ்த்தாடையில் வலப்பக்கம் செட்டு உரசுகிற மாதிரி இருந்தது. அது அவளுடைய மூன்றாவது செட்டு, வாங்கிப் பதினாலு வருஷம். ஈறு தேய்ந்து எப்போதோ தொளதொளத்துவிட்டது. பசை தடவித் தடவி ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். மறுநாள் கண்ணாடி முன்னால் பார்த்தபோது ஈறில் சின்னதாக ஒரு வெள்ளைத் திட்டு, நடுவே கொஞ்சம் சிவப்பு. நகம் தேய்க்கும் அரத்தால் செட்டின் விளிம்பை அராவினாள். கிராம்பு போட்ட தண்ணீரால் கொப்பளித்தாள். வலி பெரிதாக இல்லை. வலி இல்லாததையே ஆறுதலாக எடுத்துக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொன்னது மட்டும் மாறவில்லை. "செட்டு போட்டவங்க கேட்டுக்கங்க. ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுட்டுத் தூங்குங்க, ஈறுக்கும் ஓய்வு வேணும். பல்லு இல்லன்னாலும் ஈறையும் நாக்கையும் மெல்லிசுத் துணியால தொடைங்க. நீங்களா அரத்த வச்சு ராவாதீங்க. வலி இல்லாட்டியும் வருஷத்துக்கு ஒரு தரம் வந்து வாயக் காட்டுங்க. வாயில எந்தப் புண்ணா இருந்தாலும் பதினஞ்சு நாள் பாருங்க. பதினஞ்சு நாள்ல ஆறலன்னா அன்னிக்கே இங்க வந்து நில்லுங்க."

சொல்லிக்கொண்டே மனதுக்குள் தன் கணக்கையும் ஓட்டிக்கொண்டிருந்தாள். இருபது நாள். இரண்டு மாதம். நூறு நாள்.

நவம்பரில் நெவின்யா வந்தாள். இருவரும் ஒருத்தி பிள்ளைக்கு மற்றவள் ஞானத்தாய். கொமாத்ரி என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். நெவின்யாவுக்கு அறுபத்தைந்து வயது, சமையலுக்குப் பேர் போனவள், வாயும் கொஞ்சம் நீளம். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"செட்டு குத்துது, கொமாத்ரி. ஒரு மாசமா."

"ஒரு மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

உள்ளே நாற்காலியில் சாய்த்து, டாக்டர் தைசா செட்டைக் கழற்றச் சொன்னாள். நெவின்யா வாயைத் திறக்கவில்லை.

"டாக்டரம்மா, போட்டபடியே பாருங்க."

"போட்டபடி பாத்தா அடியில என்ன இருக்குன்னு எப்படித் தெரியும், தோனா நெவின்யா?"

"எம்புருஷன் செத்தப்பக்கூட நான் இதக் கழட்டி அழலை. என் மக வயசு உங்களுக்கு. உங்க முன்னாடி கெழவி மாதிரி பொக்க வாயோட கெடக்க முடியாது." அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கொமாத்ரி, நீ சொல்லு. உனக்கு இருக்கிற மாதிரிப் பல்லு எனக்கு இருந்தா நான் ஏன் இப்படிக் கூச்சப்படப் போறேன்?"

லிந்தால்வா எச்சில் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றாள். கோஸ்மியின் முகம் ஞாபகத்துக்கு வந்ததாகப் பிறகு அதெமாரிடம் சொன்னாள். குழாயை அதன் கொக்கியில் மாட்டினாள். கையுறையைக் கழற்றினாள். முதலில் மேல்செட்டையும் பிறகு கீழ்செட்டையும் எடுத்து எஃகுத் தட்டில் வைத்தாள். கன்னம் இரண்டும் உள்ளே விழுந்தன.

"பதினேழு வயசுல, கொமாத்ரி" என்றாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. "இப்ப நீ கழட்டு."

நெவின்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள்.

நெவின்யாவுக்கு வந்தது உரசல் புண்தான். செட்டை அராவிச் சரிசெய்து, ஒரு வாரம் போடாமல் உப்புத்தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்கள், ஆறிவிட்டது. ஆனால் அன்று அவள் நாற்காலியிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், டாக்டர் தைசா லிந்தால்வாவின் வாயையே கவனித்துக்கொண்டிருந்தாள். நெவின்யா போனதும் கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்க."

பதினோரு வருஷமாக மற்றவர்களுக்காக ஏற்றி இறக்கிய நாற்காலியில் லிந்தால்வா முதல்முறையாகச் சாய்ந்தாள். விளக்கு முகத்தில் விழுந்தது. டாக்டரின் விரல் அந்த இடத்தைத் தொட்டு, சுற்றிலும் அழுத்தி, பிறகு கழுத்துக்கு வந்து தாடையின் அடியில் நின்றது.

"எத்தன நாளு?"

"சாவோ ஜோவாவ்லேர்ந்து."

"அஞ்சு மாசம்."

"ஆமா."

"தோனா லிந்தால்வா. நீங்களா?"

டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, வெகுநேரம் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

காம்ப்பினா கிராண்டியில் சதைத் துண்டு எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்று காலை அதெமார் சமையலறையில் சோளமாவுக் கூஸ்கூஸைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். லிந்தால்வா செட்டு இல்லாமல் வந்து எதிரில் உட்கார்ந்து, காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

அவன் காகிதத்தை எடுக்கவில்லை. "புத்துநோயா?" என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு மாசமா நீ ஒரு பக்கமா முழுங்குற. நானும் கூடத்தானே உக்காந்து சாப்பிடுறேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா வாயத் திறக்க வேண்டியிருக்கும். அது உனக்குப் புடிக்காதுன்னு தெரியும்." கரண்டியைக் கீழே வைத்தான். "கல்யாணத்துக்கு முந்தின வருஷம் உன்ன மொத மொதல்ல சந்தையில பாத்தேன். மேல ஒரு பல்லு குறுக்க நின்னுச்சு, சிரிச்சா அது தனியாத் தெரியும். கல்யாணத்தன்னிக்குப் பாத்தா எல்லாம் நேரா இருந்துச்சு. உங்கப்பா மேல கோவம் வந்துச்சு. புது மாப்பிள்ளை என்ன பேசுறது, பேசாம இருந்துட்டேன். அப்படியே முப்பத்தாறு வருஷம் போயிருச்சு."

அவள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் எழுந்து வந்து அவள் முதுகில் கையை வைத்தபடி நின்றான். அன்றைக்கு அவன் லாரி கிளம்பவில்லை, மூன்று தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை.

ஜனவரியில் அறுவை நடந்தது. கீழ்த்தாடையில் வலப்பக்கம் ஒரு துண்டையும் கழுத்தில் சில கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு முப்பத்து மூன்று நாள் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தார்கள். நோயாளிகள் தங்கும் விடுதியில் அதெமார் கூடவே இருந்தான். பூசணிக்காயையும் அவரையையும் வேகவைத்துத் துணியில் வடிகட்டப் பழகினான். எச்சில் வற்றிப் போனது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் அவளால் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை. கீழ்செட்டை இனி எந்தக் காலத்திலும் மாட்ட முடியாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். கீழே இல்லாமல் மேலே மட்டும் எதற்கு என்று அவள் அதையும் விட்டுவிட்டாள்.

ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பினாள். உதடு வலப்பக்கம் கீழே இழுத்திருந்தது. பேச்சு குழறியது. நகராட்சியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் தன்மையாகத்தான் சொன்னார்: மருந்து அறையில் உட்கார்ந்து பெட்டிகளை அடுக்கினால் போதும், நாலு பேர் பார்க்கிற இடத்தில் சிரமப்பட வேண்டாம். அவள் தலையை ஆட்டிவிட்டு அங்கே போய்விட்டாள். அவளுக்கும் அதுதான் நிம்மதியாகத் தோன்றியது.

மூன்றாவது வாரம் டாக்டர் தைசா மருந்து அறைக்கு வந்தாள்.

"பெஞ்சுக்கு எப்ப வர்றீங்க?"

"நான் பேசினா பாதி புரியாது, டாக்டரம்மா."

"ரெண்டு தடவ சொல்லுங்க. நான் ஒரு தடவ நல்லாத்தான் சொல்றேன். தலைய ஆட்டிட்டுப் போய் வெளியில புடுங்கிக்கிறாங்க."

மறுநாள் அவள் நீல பெஞ்சுக்குத் திரும்பினாள். முதல் சில நாள் கூட்டம் ஒதுங்கி உட்கார்ந்தது. ஒருவரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நெவின்யா மட்டும் நோய் ஒன்றும் இல்லாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவாள். பிறகு ஒவ்வொருவராக நெருங்கினார்கள். அவள் இப்போது ஒன்றும் மறைக்கவில்லை. யார் கேட்டாலும் வாயைத் திறந்து காட்டினாள். "அஞ்சு மாசம் பொத்தி வச்சேன்" என்பாள், புரியாவிட்டால் இன்னொருமுறை சொல்வாள். பல்லைக் காட்ட வந்தவர்களிடம் நாக்கைத் தூக்கச் சொல்லி, உதட்டைப் புரட்டி, கன்னத்தின் உள்பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

அப்படித்தான் ஒதிலோன் கிடைத்தார். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர், எழுபதை நெருங்கியவர், சோளத்தோலில் புகையிலை சுருட்டிக் குடிக்கிறவர். கடவாய்ப் பல்லைப் பிடுங்க வந்திருந்தார். கீழுதட்டில் பொருக்குக் கட்டிய ஒரு புண்.

"ஒதிலோன் ஐயா, இது எத்தன நாளா?"

"அதுவா? வெயில்ல வெடிச்சது. மழைக்கு முன்னாடியிலிருந்து இருக்கு."

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்னால அங்கெல்லாம் போக முடியாது, தாயி. அங்க போனவன் எவன் திரும்பி வந்தான்?"

"நான் வந்தேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ வந்த லட்சணத்தத்தான் பாக்குறேனே."

லிந்தால்வா சிரித்துவிட்டாள். இழுத்த உதட்டோடு, பல் இல்லாத வாயோடு, வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள்.

"லேட்டாப் போனா இந்த லட்சணம். நீங்க சீக்கிரம் போங்க, அழகா வருவீங்க. ஆஸ்பத்திரி வேன் வெள்ளிக்கிழம கெளம்புது. நானும் வர்றேன்."

"ஆட்ட யாரு பாக்குறது?"

"உங்க மருமக. நான் கேட்டுக்கிறேன்."

அவர் முனகிக்கொண்டே வேனில் ஏறினார். லிந்தால்வா பக்கத்தில் உட்கார்ந்தாள். போகிற வழியெல்லாம் அவர் தொப்பியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி நடையில் அவர் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்திருக்காமல் உட்கார்ந்தேயிருந்தார். அவர் மடியிலிருந்த தொப்பியை அவள் எடுத்துக் கையில் கொடுத்து, தானும் எழுந்து கூடவே உள்ளே போனாள். உறவா என்று நர்ஸ் கேட்டதற்கு, ஒரே ஊர் என்றாள்.

புண் சின்னதாக இருந்தது. உதட்டில் ஒரு துண்டை வெட்டித் தைத்தார்கள். கரண்ட் தேவைப்படவில்லை. இரண்டு மாதத்தில் பழையபடி ஆட்டைத் திட்டத் தொடங்கிவிட்டார். அடுத்த மூன்று வருஷத்தில் அந்தப் பெஞ்சிலிருந்து இன்னும் நான்கு பேர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூன்று பேர் பிழைத்தார்கள்.

லிந்தால்வாவுக்கு நோய் கழுத்தில் திரும்பி வந்தது. இந்தமுறை மறுநாளே டாக்டரிடம் காட்டினாள். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். இரண்டாயிரத்துப் பத்தொன்பது செப்டம்பரில், ஐம்பத்தெட்டாவது வயதில், வீட்டில் அதெமாரும் மகளும் பக்கத்தில் இருக்கும்போது இறந்தாள்.

அடக்கத்துக்கு அதெமாருக்கு முகம் தெரியாத பலர் வந்தார்கள். தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து மோட்டார் சைக்கிளில், லாரியின் பின்பக்கத்தில், சிலர் நடந்தும் வந்தார்கள். ஒவ்வொருவரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பல், எந்த வருஷம் என்று சொன்னார்கள். அவன் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டான்.

ஒதிலோன் இன்னும் இருக்கிறார். புகையிலையைத்தான் விடவில்லை. அதற்காகக் கடைசிவரைக்கும் லிந்தால்வா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள்.